கேபிளைக் கழற்றிய பின் வந்த பாட்டு

நாச்சிமுத்து கேள்வி கேட்க வந்தபோது கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அது இன்னும் பிரிக்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கரூர் வெயில் மாடி அறையின் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. காலை வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். வேணி டீச்சர் மின்விசிறிக்கு நேர் கீழே, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

வேணி டீச்சர் பாடச் சொல்லிக் கொடுப்பவர் அல்ல. கேட்கச் சொல்லிக் கொடுப்பவர். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வெகு காலம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். ஞாயிறுதோறும் இந்த வகுப்பை நடத்தினார். தம்புராவின் கம்பிகளைத் தனித்தனியாகக் கேட்பது எப்படி, புல்லாங்குழலும் வயலினும் ஒரே சுரத்தில் சேரும்போது இரண்டையும் பிரித்துக் கேட்பது எப்படி என்பதெல்லாம் அங்கே பாடம்.

நாச்சிமுத்து அவருடைய சீடர். வயதில் டீச்சரைவிட மூத்தவர். ஊரில் சாயப்பட்டறை நடத்தினார். வகுப்புக்குத் தவறாமல் வருவார். நிறையக் கேள்வி கேட்பார்.

“அண்ணா, வகுப்பு முடிஞ்சு போச்சே,” என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல்.

“செருப்புச் சத்தத்துலயே என்னைக் கண்டுபுடிச்சிட்டீங்க பாருங்க.”

“மூச்சு வாங்கற சத்தத்துல. என்ன தூக்கிட்டு வந்தீங்க?”

“ஸ்விட்சுங்க. லைட்டு போடற ஸ்விட்ச் இல்லீங்க. நெட் கேபிளைப் பிரிச்சுக் குடுக்கற ஸ்விட்ச். பாட்டுக் கேக்கறதுக்குன்னே தனியாப் பண்ணினது.”

“ஏற்கெனவே அப்படி ஒண்ணு வாங்கினீங்களே?”

“அது போன வருசத்து மாடலுங்க.”

டீச்சர் கண்ணைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் மூடிக்கொண்டார்.

நாச்சிமுத்து பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“டீச்சர், ஒரே ஒரு கேள்விங்க. ஊட்டு நெட்டை நல்லதா மாத்தினா, நெட்டுல வர்ற பாட்டு இன்னும் நல்லாக் கேக்குமா, கேக்காதா? ஒத்த வார்த்தையில சொல்லிப் போடுங்க.”

“எதுக்கு ஒத்த வார்த்தை?”

“நாளைக்குக் காலையில ஆளுக வராங்க. செவுரு உடைக்க.”

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாச்சிமுத்து விளக்கிச் சொன்னார். வாசல் கேட்டிலிருந்து பாட்டு அறைக்கு நேராக ஒரு புதுக் கேபிள் இழுக்க வேண்டும். வளைவு நெளிவு இல்லாமல் போனால்தான் நல்லது என்று எங்கோ படித்திருந்தார். நேராகப் போவதென்றால் சமையலறைச் சுவரையும், மனைவி சாந்தாமணி தையல் மெஷின் போட்டிருக்கும் அறையின் சுவரையும் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“செவுத்துல உளி பட்டுதுன்னா, கோயமுத்தூர்ல மகன் ஊட்டுக்குப் போயிருவாளாம். எப்ப திரும்பி வருவேன்னு கேக்கக் கூடாதாம். துணிப்பையை எடுத்துக் கட்டில் மேல வச்சுட்டாளுங்க டீச்சர்.”

“சும்மா மிரட்டறாங்களா?”

“அவளுக்கு மிரட்டத் தெரியாதுங்க. சொன்னாச் செஞ்சுருவா.”

“அப்புறம் எதுக்கு உடைக்கறீங்க?”

“அவளுக்காகத்தானுங்க!”

குரல் உயர்ந்துவிட்டது. அவரே அதைக் கேட்டு, தணித்துக்கொண்டார்.

“முன்னெல்லாம் பட்டறையிலிருந்து வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து பாட்டுக் கேப்போம். தெனமும். பேச்சே இருக்காது. அவ கால நீட்டிட்டு, நான் நாற்காலியில. பொங்கலுக்கு அப்புறம் அவ அந்த ரூமுக்கே வர்றதில்லீங்க. கூப்பிட்டா அடுப்புல வேலை இருக்குங்கறா. சத்தத்துல என்னமோ ஒரு கொறை இருக்குது. அது சரியாயிருச்சுன்னா வந்துருவா.”

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

“இந்தக் கேள்வியை என்கிட்ட கேக்காத ஆளே இல்லண்ணா,” என்றார் பிறகு. “ஸ்டுடியோவுல கேட்டாங்க. கல்யாணப் பந்தியில கேட்டாங்க. எங்கப்பா காரியத்துக்கு வந்த ஒருத்தர், கையில இலையை வச்சுக்கிட்டே கேட்டார்.”

“அவருக்கு என்னங்க சொன்னீங்க?”

“இன்னொரு வடை வச்சுக்கங்கன்னு சொன்னேன்.”

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. டீச்சர் அவருடைய முகத்தைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“வண்டி இருக்குல்ல? வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

காரில் போகும்போது டீச்சர் கேட்டார்.

“முதல்ல எதை மாத்தினீங்க?”

“ரவுட்டருங்க. பழசு இருந்தப்போ பாட்டு பாதியில நிக்கும். நிக்கும், மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். நல்ல எடத்துல வந்துதான் நிக்கும். புது ரவுட்டர் வச்சேன். அன்னைலிருந்து ஒரு தடவை நின்னதில்லீங்க. சாந்தா கைதட்டினா.”

“அது நியாயமான வேலை.”

“அதானுங்களே! ரவுட்டருக்கே இப்படின்னா, கேபிளை மாத்தினா எப்படி இருக்கும்னு தோணுச்சு. மாத்தினேன். கேபிளுக்கே இப்படின்னா ஸ்விட்சுக்கு எப்படி இருக்கும்? அதையும் வச்சேன். அப்புறம் ரவுட்டருக்குத் தனிக் கரண்ட் பெட்டி. அப்புறம் ரவுட்டர் அதிரக் கூடாதுன்னு அடியில ஒரு தேக்குப் பலகை.”

“ரவுட்டர் அதிருமா?”

“எங்க ரோட்டுல மணல் லாரி போகுதுங்களே.”

“ஒவ்வொரு தடவையும் நல்லா ஆச்சா?”

“ஆச்சுங்க.” சற்று நேரம் சாலையைப் பார்த்து ஓட்டினார். “ஒரு வாரத்துக்கு நெம்ப நல்லா இருக்கும். அப்புறம் எங்கியோ ஒரு மூட்டம் வந்து உக்காந்துக்கும். நானும் அலுத்துப் போயிட்டனுங்க டீச்சர். ஆனா விடவும் முடியலை.”

வீட்டுக் கதவைச் சாந்தாமணி திறந்தார். டீச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கணவரின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் மலர்ச்சி நின்றது.

“வாங்க டீச்சர். உள்ள வாங்க. மோர் கொண்டாறேன்.” பிறகு கணவரிடம், “ஏனுங்க, இதை எங்க வைக்கப் போறீங்க? என் தலையிலயா?”

“நீ சும்மா இரு சாந்தா. டீச்சர் வந்திருக்காங்க.”

“டீச்சர் வந்திருக்கறதுனாலதான் இதோட நிறுத்தினேன்.”

மோர் வந்தது. டீச்சர் குடித்துவிட்டுப் பாட்டு அறைக்குள் போனார்.

நல்ல அறை. இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். நடுவே ஒரு தாழ்வான அலமாரி. அதில் ஆம்ப்ளிஃபயர். அதன் பக்கத்தில் ஸ்ட்ரீமர் என்று சொல்லப்படும் சின்னப் பெட்டி. இணையத்திலிருந்து பாட்டை இழுத்துத் தருவது அதுதான். அதன் முதுகில், விரல் தடிமனுக்கு நீல நிறத்தில் ஒரு நெட் கேபிள். அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. எதிரே தரையில் ஒரு ஜமுக்காளம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“போடுங்க,” என்றார் டீச்சர்.

நாச்சிமுத்து வழக்கமாகப் போடும் பாட்டைப் போட்டார். ஒரு வயலின், ஒரு மிருதங்கம். நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடினார்.

“இப்பக் கேளுங்க டீச்சர். வயலின் இடது பக்கம் எவ்வளவு தெளிவா நிக்குது பாருங்க. பழைய கேபிள்ல இந்த வில்லு ஓடற சத்தம் கேக்காதுங்க. இந்த நீலக் கேபிள் போட்டதும்தான் வந்துச்சு.”

டீச்சர் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டார். நீலக் கேபிளை ஸ்ட்ரீமரிலிருந்து கழற்றினார்.

வயலின் பாடிக்கொண்டிருந்தது.

“இந்த இடம்... இந்த இடத்தைக் கேளுங்க. காத்தோட்டமா இருக்குதுல்லங்க? கேபிளோட வேலைதான்.”

டீச்சர் நடந்து வந்து, கேபிளின் முனையை நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். மிருதங்கம் தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

“இது எங்கிருந்துங்க வருது?”

“வந்து சேர்ந்து கொஞ்ச நேரம் ஆச்சு. பெட்டி முன்னாடியே வாங்கி உள்ள வச்சுக்கும். அங்கிருந்து எடுத்துப் பாடுது.”

அறை வாசற்படியில் நின்றிருந்த சாந்தாமணி கேட்டார், “நம்ம மேல் தொட்டி மாதிரியா டீச்சர்?”

“அதேதான். லாரி வந்து தண்ணி ஊத்திட்டுப் போயிடுச்சு. குழாயைத் திறக்கும்போது லாரி எங்கேயோ இருக்கும்.”

பாட்டு இன்னும் சற்று ஓடியது. பிறகு ஒரு சுரத்தின் நடுவில் சட்டென்று நின்றது. அறை அமைதியானது.

“தொட்டி காலி,” என்றார் சாந்தாமணி.

நாச்சிமுத்து கேபிளைக் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே யோசித்தார். அவர் சுலபமாக விட்டுக்கொடுப்பவர் அல்ல. டீச்சருக்கு அது தெரியும். அதனால் நின்ற இடத்திலேயே காத்திருந்தார்.

“சரிங்க. பாட்டு முன்னாடியே வந்துருது. ஒத்துக்கறேன். ஆனா கேபிள் வழியா வேற இரைச்சலும் ஏறும்னு சொல்றாங்களே? அது ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் போயிச் சத்தத்தைக் கெடுக்குமாமே?”

“ஏறலாம்.”

“பாத்தீங்களா!”

“மட்டமான பெட்டியா இருந்தா ஏறலாம். ஏறினா நம்ம காதுக்குக் கேக்கணும். நெட் நெம்ப மோசமா இருந்தாச் சில பாட்டு ஆப்புக தரத்தைக் குறைச்சுப் பாட்டை அனுப்பும். அதுவும் காதுக்குக் கேக்கும். ரெண்டுக்கும் மருந்து இருக்கு. நான் நெட்டை மாத்தவே கூடாதுன்னு சொல்லலை.”

“எனக்குக் கேக்குதுங்க டீச்சர். சத்தியமாக் கேக்குது. மத்தவங்களுக்குக் கேக்கலைங்கறதுக்காக இல்லைன்னு சொல்ல முடியுமா? பட்டறையில ரெண்டு துணியை வச்சா, எல்லாரும் ஒரே நீலம்பாங்க. எனக்கு மட்டும் ஒண்ணுல செவப்பு ஏறியிருக்கறது தெரியும். அந்தக் கண்ணை நம்பித்தான் கப்பல்ல சரக்குப் போகுது.”

“தெரியும். அந்தக் கண்ணுக்கு என்கிட்டயும் மரியாதை உண்டு.” டீச்சர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். “துணியில கலர் ஷேடு எப்படிப் பார்ப்பீங்க? சொல்லுங்க.”

“வெளிச்சப் பெட்டிக்குள்ள ரெண்டு துண்டையும் வைக்கச் சொல்லுவேன்.”

“யாரை?”

“லேபுல இருக்கற யாராச்சையும். நான் திரும்பி நின்னுக்குவேன். எது கம்பெனிக்காரன் அனுப்புன சாம்பிள், எது நம்ம போட்ட சாயம்னு எனக்குச் சொல்லக் கூடாது. துணியில ஒட்டியிருக்கற சீட்டைப் பின்னால மடிச்சு வைக்கணும்.”

“ஏன்?”

“தெரிஞ்சாக் கண்ணு நம்ம துணிக்குப் பரிஞ்சு பேசு...”

அவர் நிறுத்திக்கொண்டார்.

சாந்தாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

நாச்சிமுத்துவே எழுந்தார். நாற்காலியைத் திருப்பி, அலமாரிக்கு முதுகு காட்டும்படி போட்டார். பிறகு யோசித்து மறுபடியும் ஸ்பீக்கரைப் பார்த்துப் போட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

“சாந்தா, நீ அலமாரிக்குப் பின்னால போ. ஒரு தடவை நீலக் கேபிளும் ஸ்விட்சும். ஒரு தடவை பழைய கேபிளை நேரா ரவுட்டர்லிருந்து. உன் இஷ்டத்துக்கு மாத்து. எதுன்னு சொல்லாதே.”

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க.”

“நான் காட்டித் தரேன்,” என்றார் டீச்சர். எந்த ஓட்டையில் எதைச் செருக வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். பிறகு அறையைவிட்டு வெளியே போனார்.

“நீங்க எங்க போறீங்க டீச்சர்?” என்றார் நாச்சிமுத்து, கட்டிய கண்ணோடு.

“எந்தக் கேபிள்னு எனக்குத் தெரிஞ்சா, நான் விடுற மூச்சை வச்சே நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. நான் கூடத்துல இருக்கேன்.”

கூடத்தில் டீச்சர் ஒரு நாற்காலியில் சாய்ந்தார். உள்ளேயிருந்து அதே வயலின் தொடங்கியது. நின்றது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு முறையும் நாச்சிமுத்துவின் குரல் கேட்டது. “இது புதுசு.” “இது பழசு, மூட்டமா இருக்குது.” “இது புதுசேதான்.” தொடக்கத்தில் அந்தக் குரலில் தயக்கமே இல்லை. போகப்போக வார்த்தைக்கு முன்னால் இடைவெளி விழுந்தது. பிறகு இடைவெளி நீண்டது.

டீச்சருக்குத் தூக்கம் வந்தது. தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வயலின் நின்று போய் வெகு நேரம் எதுவும் தொடங்காததால் எழுந்து உள்ளே போனார்.

நாச்சிமுத்து துண்டை அவிழ்த்து மடியில் வைத்திருந்தார். சாந்தாமணி அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்.

“எப்படி?” என்றார் டீச்சர்.

“சிலது சரியாச் சொன்னாருங்க. சிலது தப்பு,” என்றார் சாந்தாமணி. “கடைசியில ஒண்ணு பழசு, அதுக்கு அடுத்தது புதுசு, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்னாரு.”

“சரியா அது?”

சாந்தாமணி தயங்கினார்.

“நான் ரெண்டுக்கும் நடுவுல எதையும் தொடலைங்க டீச்சர். முழங்கால் வலிச்சுது. குனிய முடியலை. சும்மா உக்காந்துட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சாந்தாமணிக்கு மட்டும் சிரிப்பு வந்து, அவரும் அதை அடக்கிக்கொண்டார்.

நாச்சிமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

“ஏன் சாந்தா, நீ சொன்னியே? கேபிள் மாத்தினப்போ நல்லா இருக்குதான்னு கேட்டேன். ஆமான்னியே? ஸ்விட்ச் வச்சப்பவும் ஆமான்னியே? தேக்குப் பலகைக்குக்கூட ஆமான்னு சொன்னியே?”

“சொன்னேன்.”

“கேட்டுதா உனக்கு?”

“உங்க மூஞ்சியைப் பாத்தேன். அந்த மூஞ்சிக்கு இல்லைன்னு சொல்ல முடியுங்களா?”

“எல்லாமே பொய்யா அப்போ?”

“ரவுட்டருக்குச் சொன்னது நெசம். பாட்டு நிக்காம ஓடுச்சு, எனக்கும் சந்தோசமா இருந்துச்சு. அதுக்கப்புறம்...” சாந்தாமணி முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றினார். “அதுக்கப்புறம் நான் பாட்டே கேக்கலைங்க. நீங்க எப்ப ‘தெரியுதா’ன்னு கேப்பீங்கன்னு காத்துட்டு உக்காந்திருப்பேன். பாதிப் பாட்டுல கேப்பீங்க. என்ன தெரியணும்னே எனக்குத் தெரியாது. ஆமாம்பேன். உடனே எந்திரிச்சுப் போயி எதையாச்சும் மாத்திட்டு, மறுபடி முதல்லிருந்து போடுவீங்க. தெனமும் யாராச்சும் பரிச்சை எழுதப் போவாங்களா? அதான் அடுப்புல வேலை இருக்குதுன்னேன். அடுப்புல ஒரு வேலையும் இல்லீங்க.”

நாச்சிமுத்து நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“டீச்சர்,” என்றார் கடைசியில், “நான் கேட்டது அத்தனையும் பொய்யுங்களா? அந்த வில்லு ஓடற சத்தம் எனக்குக் கேட்டுதே. நானாவா இட்டுக்கட்டினேன்?”

“இல்ல. அது பாட்டுலயே இருக்கு. நான் கூடத்துல உக்காந்திருந்தேன், எனக்கும் கேட்டுது.”

“அப்போ கேபிள் போட்டப்புறம் புதுசாக் கேட்டுதே?”

“அன்னிக்கு எப்படி உக்காந்து கேட்டீங்க?”

அவர் நினைத்துப் பார்த்தார்.

“போனை அணைச்சு வச்சுட்டு. கதவைச் சாத்திட்டு. வேற நெனப்பே இல்லாம.”

“அதுக்கு முந்தின நாள்?”

நாச்சிமுத்துவின் கை சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டது.

டீச்சர் குனிந்து ஜமுக்காளத்தின் மடிப்பைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

சற்று நேரம் கழித்து நாச்சிமுத்து போனை எடுத்தார். சுவர் உடைக்க வரவேண்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

“நாச்சிமுத்து பேசறேன். நாளைக்கு ஆள் அனுப்ப வேண்டாம்... இல்ல, அடுத்த வாரமும் வேண்டாம்... ஒண்ணும் ஆகலை, எல்லாம் நல்லாத்தான் இருக்கறோம். செவுரு நல்லா இருக்குது. அப்படியே இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். பரிசு வாங்கப் போகிறவரின் முகம்.

“சொல்லியாச்சு. கேட்டியல்ல?”

“கேட்டேன்.”

“அப்போ சாயந்தரம் வந்து உக்காருவியா?”

சாந்தாமணி மோர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

“செவுத்தை உடைக்கலைன்னா ஊருக்குப் போக மாட்டேன்னு சொன்னேன். போகலை. வந்து உக்காருவேன்னு நான் எப்பச் சொன்னேன்?”

அவர் சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. கழுவி முடித்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து டீச்சரை வழியனுப்ப வாசலுக்கு வந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். டீச்சர் வேண்டாம், நடக்கிறேன் என்றார். நாச்சிமுத்து தலையாட்டினார். ஆனாலும் உள்ளே போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், நான் இனிமே எதையும் வாங்கலைங்க. அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்தர்றேன். போதுமுங்க, எனக்கும் முடியலை.”

“நல்லது.”

“ஆனா செவுரு தப்பிச்சுதே தவிர, அவ வரலியே? கேபிளும் இல்லை, ஸ்விட்சும் இல்லைன்னா, வேற எதைத்தான் சரி பண்றது? இத்தனை வருசமா அவகிட்ட கேட்டுக் கேட்டுத்தானே செஞ்சேன்? நல்லாக் கேக்குதா, தெளிவா இருக்குதா, சத்தம் போதுமான்னு கேக்காத நாளே இல்லீங்க. இன்னும் என்ன கேக்கறது?”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“அவங்களுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

சமையலறையில் குழாய் நின்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அவருக்குத் தெரியவில்லை.